பிள்ளைக்கு முதல் போர் விளையாட்டு: எதை வாங்கலாம், எப்படி ஆடலாம்?

"அவன் சரியான எம்டன்!" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். யாருக்கும் அஞ்சாதவனை, எதையும் துணிந்து செய்துவிட்டு நழுவிப் போகிற கெட்டிக்காரனை அப்படிச் சொல்வது வழக்கம். இந்தச் சொல் தமிழுக்கு ஒரு கப்பலில் ஏறி வந்தது. 1914-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு, 'எம்டன்' என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சென்னைக் கடற்கரைக்கு வந்து, அங்கிருந்த எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டு இருளில் மறைந்தது. சென்னை நடுங்கிப் போயிற்று. கப்பலின் பெயர் மக்கள் வாயில் தங்கிவிட்டது.

அதே கப்பல் நம் பினாங்குக்கும் வந்தது என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? சென்னையைத் தாக்கிய ஐந்து வாரம் கழித்து, அக்டோபர் 28-ஆம் தேதி விடியுமுன், அது ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குள் நுழைந்தது. எம்டனுக்கு மூன்று புகைபோக்கிகள். பார்ப்பவர்கள் ஆங்கிலேயக் கப்பல் என்று நினைக்கட்டும் என்று, நான்காவதாக ஒரு பொய்ப் புகைபோக்கியைக் கட்டிக்கொண்டு வந்தது. உள்ளே 'ஜெம்சுக்' என்ற ரஷ்யப் போர்க்கப்பல் நங்கூரமிட்டு நின்றது. அதன் தலைவரோ அன்றிரவு கரையில் இருந்தார். எம்டன் அருகில் வந்து ஒரு டார்ப்பிடோவை விட்டது. திரும்பி வந்து இன்னொன்றையும் விட்டது. ரஷ்யக் கப்பல் வெடித்து மூழ்கியது. 80-க்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். வெளியேறும் வழியில் 'மூஸ்கே' என்ற பிரெஞ்சுக் கப்பலையும் எம்டன் மூழ்கடித்தது. பிறகு தண்ணீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகள் 36 பேரைத் தூக்கி ஏற்றிக்கொண்டு போயிற்று. ஜார்ஜ்டவுன் மக்கள் காலைப் பசியாறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

உலகப் போர் என்னும் பெரிய கடலில் இது ஒரு துளி. ஆனாலும் ஒரு போரில் இருக்க வேண்டியவை எல்லாம் இந்தத் துளியில் இருக்கின்றன: தந்திரம், அலட்சியம், துணிச்சல், உயிரிழப்பு, கடைசியில் கொஞ்சம் மனிதநேயம். இப்படிப்பட்ட சின்னப் போர்களைக் கணினியில் ஆடிப் பார்க்கும் விளையாட்டுகள் பல வந்திருக்கின்றன. அவற்றில் முதல் விளையாட்டாக எதைத் தேர்ந்தெடுப்பது என்பதுதான் இக்கட்டுரை.

பள்ளி விடுமுறை நெருங்கினால் பெற்றோர் என்னிடம் வந்து கேட்கும் கேள்வி இது: "சார், பையன் சண்டை விளையாட்டு கேட்டு அடம்பிடிக்கிறான். வாங்கிக் கொடுக்கலாமா, வேண்டாமா?" நான் சொல்லும் பதில்: "எந்தச் சண்டை என்று முதலில் கேளுங்கள்." போரை முதலில் தேர்ந்தெடுங்கள், விளையாட்டை அதற்குப் பிறகு தேர்ந்தெடுக்கலாம். பெட்டியின் மேல் இருக்கும் படத்தைப் பார்த்து வாங்குபவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

ஆடு புலியின் பேரப்பிள்ளை

கையில் துப்பாக்கி பிடித்து எதிரே வருபவனையெல்லாம் சுட்டுத் தள்ளும் விளையாட்டை இங்கே நான் சொல்லவில்லை. அதில் வேலை விரலுக்கு. போர்த்திட்ட விளையாட்டில் வேலை மூளைக்கு. திரையில் ஒரு நிலப்படம் இருக்கும். அதில் காடு, ஆறு, பாலம், மேடு எல்லாம் இருக்கும். உங்களிடம் சில படைப்பிரிவுகள் இருக்கும். எதை எங்கே நிறுத்துவது, எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது என்று நீங்கள் முடிவு செய்ய வேண்டும்.

இது புதிதாகத் தோன்றினாலும் நமக்குப் பழக்கமான ஒன்றுதான். நம் பாட்டிமார் திண்ணையில் கோடு கிழித்து ஆடிய ஆடு புலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். மூன்று புலி, பதினைந்து ஆடு. இரண்டு பக்கமும் சமமில்லை. நோக்கமும் வேறு வேறு. புலி ஆட்டைத் தாண்டி வெட்ட வேண்டும். ஆடுகள் சேர்ந்து புலியை நகரவிடாமல் அடைக்க வேண்டும். சதுரங்கத்தில் இரு பக்கமும் ஒரே அளவு படையோடு தொடங்குகின்றன. உண்மையான போர்க்களத்தில் அப்படி நடப்பது அபூர்வம். ஆகவே போர்த்திட்ட விளையாட்டு சதுரங்கத்தைவிட ஆடு புலிக்குத்தான் நெருங்கிய உறவு.

ஐரோப்பாவில் இதை முதலில் பாடமாக்கியவர்கள் பிரஷ்ய இராணுவத்தினர். 1824-இல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் அதிகாரி, நிலப்படத்தின் மேல் சிறு கட்டைகளை நகர்த்தி, தாயம் உருட்டி, நடுவர் ஒருவரை வைத்து ஆடும் விதிகளை வெளியிட்டார். 1913-இல் ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களை வைத்து ஆடும் விதிகளை ஒரு புத்தகமாக எழுதினார். 1954-இல் அமெரிக்காவில் சார்லஸ் ராபர்ட்ஸ் என்பவர் 'டாக்டிக்ஸ்' என்ற அட்டை விளையாட்டை விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1980-இல் எஸ்.எஸ்.ஐ. என்ற நிறுவனம் தன் முதல் விளையாட்டாக, 'பிஸ்மார்க்' என்ற ஜெர்மானியக் கப்பலைத் தேடி வேட்டையாடும் கணினி விளையாட்டை வெளியிட்டது.

அட்டையில் ஆடும்போது எதிரியின் காய் எல்லாம் கண்முன்னே இருக்கும். கணினி வந்தபின் எதிரியை மறைத்து வைக்க முடிந்தது. எட்டத்தில் வருவது நண்பனா பகைவனா என்று தெரியாமல் தவிக்கும் தவிப்பு இருக்கிறதே, அதுதான் போரின் பாதி. பொய்ப் புகைபோக்கியோடு எம்டன் வந்தபோது பினாங்குத் துறைமுகத்தில் இருந்தவர்களுக்கு நேர்ந்ததும் அதுதான்.

வாங்குமுன் ஐந்து கேள்விகள்

கடையில் விற்பவரையும் விளம்பரத்தையும் நம்புவதைவிட, கீழ்க்காணும் ஐந்து கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

முதலாவது, ஒரே மாலைப்பொழுதில் ஆடி முடிக்க முடியுமா? பெரிய போர்களை ஆடும் விளையாட்டுகள் வாரக்கணக்கில் நீளும். 2016-இல் வந்த 'ஹார்ட்ஸ் ஆஃப் அயர்ன் 4' நல்ல விளையாட்டு என்று பெயர் பெற்றது. ஆனால் அதில் ஒரு நாட்டின் தொழிற்சாலைகள் முதல் கடற்படை வரை எல்லாவற்றையும் நாமே நிர்வகிக்க வேண்டும். நீந்தத் தெரியாதவனைப் பினாங்குப் பாலத்திலிருந்து கடலில் தள்ளிவிடுவது போன்ற காரியம் அது. ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் முடியும் சின்னப் போரே முதல் படிக்கு ஏற்றது. தோற்றாலும் மறுநாள் மறுபடி ஆடிப் பார்க்கலாம் அல்லவா?

இரண்டாவது, எத்தனை பிரிவுகளை நகர்த்த வேண்டும்? பத்து முதல் இருபது வரை இருந்தால் பிள்ளைக்கு ஒவ்வொன்றின் நிலையும் நினைவில் நிற்கும். நூறைத் தாண்டினால் எங்கே எது நிற்கிறது என்பதே மறந்துவிடும்; பிறகு யோசிப்பதை விட்டுவிட்டு வெறுமனே பொத்தானை அழுத்தத் தொடங்கிவிடுவார்கள்.

மூன்றாவது, முறை வைத்து ஆடுவதா, நேரம் ஓட ஓட ஆடுவதா? சில விளையாட்டுகளில் நாம் ஆடி முடித்தபின்தான் எதிராளி ஆடுவார். சிலவற்றில் கடிகாரம் நமக்காகக் காத்திருக்காது. புதியவர்களுக்கு முறை வைத்து ஆடுவதே நல்லது. இடையில் எழுந்து போய்ச் சாப்பிட்டு வரலாம், வீட்டுப்பாடம் செய்யலாம், அப்பாவிடம் யோசனை கேட்கலாம்.

நான்காவது, தோற்றால் ஏன் தோற்றோம் என்று தெரிகிறதா? தாக்குமுன்னே வெற்றிக்கு எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று காட்டும் விளையாட்டுகள் உண்டு. மேட்டில் நின்றதால் பலம் கூடியது, பக்கவாட்டில் அடிபட்டதால் படை கலைந்தது என்று பிள்ளை தானே கண்டுகொள்வான். காரணம் தெரியாத தோல்வி எரிச்சலைத்தான் வளர்க்கும்.

ஐந்தாவது, வீட்டிலுள்ள கணினியில் ஓடுமா? தோட்டப்புற வீடுகளில் பெரும்பாலும் அண்ணனோ அக்காளோ படித்து முடித்து விட்டுப்போன பழைய கணினிதான் இருக்கும். விளையாட்டின் பக்கத்தில் எழுதியிருக்கும் தேவைகளை உங்கள் கணினியோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் பணத்தைக் கட்டிவிடாதீர்கள்.

எவற்றிலிருந்து தொடங்கலாம்?

இந்த ஐந்து கேள்விகளையும் தாண்டி வரும் சில விளையாட்டுகளைச் சொல்கிறேன். எல்லாவற்றையும் வாங்க வேண்டியதில்லை. ஒன்றே போதும்.

படிவம் ஒன்று, இரண்டு படிக்கும் பிள்ளைக்கு, 2010-இல் வெளிவந்த 'பேட்டில் அகாடமி' நல்ல தொடக்கம். இரண்டாம் உலகப் போரின் சின்னச் சின்ன மோதல்கள் இதில் இருக்கின்றன. படக்கதைப் புத்தகம் போன்ற தோற்றம், முறை வைத்து ஆடுவது, விதிகள் குறைவு. மரத்தடியில் மறைந்து நிற்பது, டாங்கியின் முன்பக்கத்தைவிடப் பக்கவாட்டில் அடிப்பது போன்ற அடிப்படைப் பாடங்கள் இரண்டு மூன்று ஆட்டங்களிலேயே பிடிபட்டுவிடும்.

யானையும் வேலும் வில்லும் விரும்பும் பிள்ளைக்கு 2017-இல் வந்த 'ஃபீல்ட் ஆஃப் குளோரி 2' பொருந்தும். இது பண்டைக் காலப் போர்களுக்கானது. ரோமானியர், கார்த்தேஜியர் என்று பல படைகள் வருகின்றன. தாக்கப் போகும் இடத்தில் சுட்டியை வைத்தால் வெல்லும் வாய்ப்பும் தோற்கும் வாய்ப்பும் விழுக்காட்டில் தெரியும். இதில் பெரிய பாடம் ஒன்று உண்டு. படை தோற்பது பெரும்பாலும் ஆட்கள் செத்து முடிவதால் அல்ல. மனத்திடம் உடைந்து ஓடுவதால். ஒரு பிரிவு ஓடினால் பக்கத்துப் பிரிவும் கலங்கும்.

காசு செலவழிக்க வழியில்லை என்றால் கவலை வேண்டாம். 'வின் எஸ்.பி. டபிள்யூ.டபிள்யூ. 2' என்ற விளையாட்டை இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். 1995-இல் வந்த 'ஸ்டீல் பாந்தர்ஸ்' என்ற புகழ்பெற்ற விளையாட்டைத் தழுவி ஆர்வலர்கள் உருவாக்கியது. பழைய கணினியிலும் ஓடும். தேன்கூடு போன்ற அறுகோணக் கட்டங்கள். ஒரு கட்டம் சுமார் 50 மீட்டர். ஒரே கணினியில் இருவர் மாறி மாறி ஆடலாம். நாமே நிலப்படம் வரைந்து சொந்தப் போர்க்களத்தை அமைக்கும் வசதியும் உண்டு. பார்வைக்குப் பகட்டு இல்லை, கற்றுக்கொள்ளப் பொறுமையும் வேண்டும். ஆனால் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து உட்கார்ந்தால் இதைப் போல் பயன் தருவது வேறில்லை.

இவற்றில் தேறியபின் அடுத்த படிக்குப் போகலாம். 1996-இல் வந்த 'குளோஸ் காம்பாட்' வரிசையில் ஒவ்வொரு வீரனுக்கும் தனி மனநிலை உண்டு. குண்டு மழைக்குள் ஓடு என்று நாம் உத்தரவிட்டால், அவன் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு அசைய மறுப்பான். 2000-இல் தொடங்கிய 'காம்பாட் மிஷன்' வரிசையில் இரு பக்கமும் தத்தம் உத்தரவைக் கொடுத்தபின் 60 விநாடி இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கும். அந்த ஒரு நிமிடம் நம் கையில் எதுவும் இருக்காது, பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். தளபதியின் வேதனை என்னவென்று அப்போது புரியும்.

'ஆர்டர் ஆஃப் பேட்டில்' என்ற இன்னொரு விளையாட்டின் பயிற்சிப் பகுதி இலவசம். பர்மாப் போர்களுக்கென்று தனியாக வாங்கக்கூடிய பகுதியும் அதில் இருக்கிறது. சற்றுப் பெரிய அளவிலான போர்கள் என்பதால் இரண்டாவது விளையாட்டாக வைத்துக்கொள்வது நலம்.

ஒரு எச்சரிக்கை. இவை பெரும்பாலும் இணையக் கடைகளில்தான் விற்கப்படுகின்றன. அடிப்படை விளையாட்டை வாங்கியபின் 'இந்தப் பகுதி, அந்தப் பகுதி' என்று மேலும் மேலும் விற்பார்கள். தள்ளுபடிக் காலம் வரை காத்திருங்கள். வங்கி அட்டையின் எண்ணைப் பிள்ளையின் கணக்கில் பதிந்து வைக்காதீர்கள்.

கம்பாரை ஆடிப் பார்ப்போம்

இந்த விளையாட்டுகளில் பெரும்பாலும் ஐரோப்பாவின் ஊர்களே வரும். நம் ஊர்ப் போர்கள் குறைவு. அதற்காக ஏங்கி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஒரு மணிலா அட்டையும் சில சட்டைப் பொத்தான்களும் போதும். கணினிக்குப் போகுமுன் வீட்டிலேயே ஒத்திகை பார்க்கலாம். நிலப்படம் வரையும் வசதி உள்ள விளையாட்டு கிடைத்தால் பிறகு அதிலும் அமைத்துக்கொள்ளலாம்.

இதற்கு ஏற்ற போர் கம்பார். ஈப்போவிலிருந்து தெற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள ஊர். 1941 டிசம்பர் 30 முதல் 1942 ஜனவரி 2 வரை அங்கே சண்டை நடந்தது. கிழக்கே புஜாங் மலாக்கா மலை. அதன் அடிவாரத்தில் சாலையை ஒட்டி மேட்டு வரிசைகள். மேற்கே ஈயம் தோண்டிய வெட்டவெளி. பிரிட்டிஷாரும் இந்தியரும் கூர்க்காக்களும் மேடுகளில் அரண் அமைத்துக் காத்திருந்தார்கள். வடக்கிலிருந்து வந்த ஜப்பானியர் எண்ணிக்கையில் அதிகம். இருந்தும் வெட்டவெளியைக் கடக்கும்போது பீரங்கிக்கு இலக்கானார்கள். கடைசி நாளில், இழந்த மேட்டை மீட்க எட்டாவது பஞ்சாப் படைப்பிரிவின் சீக்கியர்கள் துப்பாக்கி முனைக் கத்தியோடு ஓடிப் பாய்ந்தார்கள். அவர்களில் பலர் திரும்பவில்லை. மேடு மீட்கப்பட்டது.

பிள்ளையிடம் இங்கே ஒரு கேள்வி கேளுங்கள்: "நான்கு நாள் மேட்டை விடாமல் காத்தவர்கள், அன்றிரவே ஏன் பின்வாங்கினார்கள்?"

விடை மேட்டில் இல்லை, கடலில் இருக்கிறது. ஜப்பானியரின் இன்னொரு படை படகுகளில் பேராக் கடற்கரைக்கு வந்து, இன்று தெலுக் இந்தான் என்று நாம் அழைக்கும் ஊர்ப்பக்கம் இறங்கியது. பின்னால் சாலை அறுபட்டுவிடும் என்ற நிலையில், களத்தில் தோற்காதவர்களும் களத்தை விட்டுப் போக வேண்டியதாயிற்று. சின்னப் போரில் வென்று பெரிய போரில் தோற்பது எப்படி என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலும் சொல்லாது. அட்டையில் ஆடும்போது காப்பவருக்கு விதியை இப்படி வையுங்கள்: "நான்கு முறை மேட்டைக் காத்துவிட்டு, பாதிப் பொத்தான்களுக்குமேல் உயிரோடு தெற்கே கொண்டுபோய்ச் சேர்த்தால் உனக்கு வெற்றி." பிள்ளை அப்போது எதிரியை அழிப்பதை விட்டுவிட்டுத் தன் ஆட்களைக் காப்பாற்றுவதைப் பற்றி யோசிப்பான்.

அதற்கு அடுத்த சண்டை சிலிம் ரிவரில், 1942 ஜனவரி 7-ஆம் தேதி விடியுமுன். இது தோட்டத்து மக்கள் எளிதில் புரிந்துகொள்ளக்கூடிய போர். பெரிய சாலையை நேராக்கியபோது கைவிடப்பட்ட பழைய வளைவுச் சாலைகள் பால்மரங்களுக்கு இடையே அப்படியே கிடந்தன. காப்பவர்கள் பெரிய சாலையில் தடுப்பு வைத்தார்கள். பழைய வளைவுகளைப் போதுமான அளவு கவனிக்கவில்லை. மேஜர் ஷிமாடா என்பவரின் ஜப்பானிய டாங்கிகள் அந்த வளைவுகளில் புகுந்து தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு வந்தன. சில மணி நேரத்தில் 30 கிலோமீட்டர் அளவுக்கு ஊடுருவிச் சிலிம் ஆற்றுப் பாலத்தைப் பிடித்துவிட்டன. தோட்டத்துக் குறுக்குவழியை அறிந்த ஒரு பால்வெட்டுத் தொழிலாளியைக் கேட்டிருந்தால் அந்தச் சாலைகளை அவரே காட்டியிருப்பார். நிலத்தை அறிந்தவனே பாதி வென்றவன் என்ற பாடத்தை நம் பிள்ளைகள் இங்கே படிக்கலாம்.

திரையில் இல்லாத மனிதர்கள்

இனி நான் சொல்லப்போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியமானது. எவ்வளவு நல்ல விளையாட்டாக இருந்தாலும் அதில் படைகள் மட்டுமே இருக்கும். திரையில் பால்மரக்காடு ஒரு பச்சைக் கட்டம். வீரன் ஒளிந்துகொள்ள வசதியான இடம், அவ்வளவுதான். அந்தப் பச்சைக் கட்டத்துக்குள் லயங்கள் இருந்தன, அடுப்பு எரிந்தது, தொட்டிலில் பிள்ளை அழுதது. விளையாட்டில் அதற்கென்று ஒரு காயும் இல்லை.

பினாங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். 1941 டிசம்பர் 11-ஆம் தேதி ஜப்பானிய விமானங்கள் ஜார்ஜ்டவுன் மேல் வந்தபோது, மக்கள் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். குண்டு விழுந்த பிறகுதான் ஓடினார்கள். அதற்குள் ஏராளமானோர் மாண்டுவிட்டார்கள். சில நாட்களில் ஐரோப்பியக் குடும்பங்கள் இரவோடு இரவாகக் கப்பலேற்றி அனுப்பப்பட்டன. பின்னர் படையினரும் அதிகாரிகளும் போனார்கள். உள்ளூர் மக்கள் கைவிடப்பட்டார்கள். அப்போது முன்வந்தவர்களில் ஒருவர், 'ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ' நாளிதழின் ஆசிரியராக இருந்த இலங்கைத் தமிழர் மாணிக்கசோதி சரவணமுத்து. காலியான நகரின் மேல் குண்டு விழுவதை நிறுத்த வேண்டும் என்பதற்காக, கார்ன்வாலிஸ் கோட்டையில் பறந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் கொடியை இறக்கினார். மக்களுக்கு உணவும் ஒழுங்கும் கிடைக்க ஒரு சேவைக் குழுவை நடத்தினார். டிசம்பர் 19-ஆம் தேதி தீவு ஜப்பானியர் வசமாயிற்று. எந்தப் போர் விளையாட்டிலும் இப்படி ஒரு காய் கிடையாது: கையில் ஆயுதமில்லாமல், கொடியை இறக்கி உயிர்களைக் காக்கப் பார்த்த ஒரு பத்திரிகை ஆசிரியர்.

அதற்குப் பிறகு நடந்ததையும் நாம் அறிவோம். சயாம் மரண ரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. போனவர்களில் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. கம்பாரிலும் சிலிம் ரிவரிலும் சில நாட்களில் முடிந்த சின்னப் போர்களின் விலையை, சண்டையில் கலந்துகொள்ளாத நம் தோட்டத்துக் குடும்பங்கள் மூன்றரை ஆண்டு கட்டித் தீர்த்தன.

இதைச் சொல்லாமல் விளையாட்டை மட்டும் வாங்கிக் கொடுத்தால், போர் என்பது கட்டங்களில் நகரும் காய் என்றே பிள்ளை நினைத்துவிடுவான். இன்னொன்றும் உண்டு. 1994-இல் வந்த 'பான்சர் ஜெனரல்' போன்ற சில விளையாட்டுகளில் பிள்ளை ஹிட்லரின் தளபதியாக உட்கார்ந்து வெற்றிமேல் வெற்றி குவிப்பான். அந்தப் படை வென்ற இடங்களில் மக்களுக்கு என்ன நேர்ந்தது என்று அந்த விளையாட்டு சொல்லாது. சொல்ல வேண்டியது நாம்.

வீட்டில் வைக்க வேண்டிய ஒழுங்கு

வாங்கிக் கொடுப்பது என்று முடிவு செய்துவிட்டால், சில ஒழுங்குகளை முதல் நாளிலேயே வைத்துவிடுங்கள். கணினி கூடத்தில் இருக்கட்டும், அறைக்குள் வேண்டாம். பள்ளி நாட்களில் ஒரு மணி நேரம் போதும்.

ஒவ்வொரு போரையும் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆடச் சொல்லுங்கள். இன்று மேட்டைக் காத்தவன் நாளை அதே மேட்டைத் தாக்கட்டும். எதிரிக்கும் பயமும் கணக்கும் உண்டு என்பது அப்போதுதான் உறைக்கும். அண்ணன் தம்பி இருவரும் ஆடினால் பக்கத்தை மாற்றி ஆடுவது சண்டையையும் குறைக்கும்!

ஆடி முடித்ததும் ஒரு நோட்டில் மூன்று வரி எழுதச் சொல்லுங்கள். என்ன நினைத்தேன், என்ன நடந்தது, அடுத்த முறை என்ன செய்வேன். வாரத்துக்கு மூன்று வரி என்றாலும் ஆண்டு முடிவில் கட்டுரை எழுதும் கை வந்திருக்கும். போரின் பெயர், ஆண்டு, இடம் மூன்றையும் தலைப்பில் எழுதவைத்தால் வரலாற்றுப் பாடமும் கூடவே பதியும்.

முடிந்தால் இடத்தைப் போய்ப் பாருங்கள். கம்பாரில் அந்த மேடுகள் இன்றும் இருக்கின்றன. ஜார்ஜ்டவுனில் வெஸ்டர்ன் ரோடு கல்லறைத் தோட்டத்தில் ஜெம்சுக் கப்பல் மாலுமிகளின் நினைவுச் சின்னம் இருக்கிறது. எங்கோ பிறந்த ரஷ்ய இளைஞர்கள் நம் தீவு மண்ணில் கிடக்கிறார்கள். திரையில் ஒரு கப்பல் மறைவதற்கும் அந்தக் கல்லின் முன் நிற்பதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிள்ளைக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

அன்புப் பெற்றோரே, பிள்ளை கேட்கிறான் என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள். சண்டை விளையாட்டு என்பதற்காக மட்டும் மறுக்கவும் வேண்டாம். சின்னப் போராக, நிலம் தெரிந்த போராகத் தேர்ந்தெடுங்கள். முதல் ஆட்டத்தில் நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். ஆட்டம் முடிந்து கணினியை மூடியபின், வீட்டில் பெரியவர் யாராவது இருந்தால் அவரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டு வரச் சொல்லுங்கள்: "தாத்தா, ஜப்பான்காரன் காலத்தில் நம் குடும்பம் எங்கே இருந்தது?"